ஏற்றமும் இறக்கமும் – 9: முதலில் தலைக்குழாயை அளவுங்கள்

மாவனல்லையில் சைக்கிள் மிதிக்கிறவருக்கு வழி சொல்லித் தரத் தேவையில்லை. கண்டி வீதியில் கடுகண்ணாவையை நோக்கித் திரும்பினால் ஏற்றம். ஹெம்மாத்தகம, அரநாயக்க பக்கம் போனால் ஏற்றத்தோடு வளைவும் சேரும். அங்கிருந்து இறப்பர்த் தோட்டத்துக்குள் இறங்கினால் வேரும் கபுக் கல்லும், மழைக்காலத்தில் சில்லோடு ஒட்டிக்கொள்ளும் செம்மண்ணும். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களில், கொட்டிலுக்குள் கிடந்த சைக்கிள்களெல்லாம் இந்த வழிகளுக்கு வந்தன: பழைய லுமாலா, ஜப்பானிலிருந்து கொள்கலனில் வந்த பாவித்த சைக்கிள், வெளிநாட்டிலிருந்து யாரோ மாமா கொண்டுவந்து கொடுத்த மவுண்டன் பைக். பெற்றோல் வந்த பிறகும் சிலர் மிதிப்பதை விடவில்லை. மணிக்கட்டு நோகத் தொடங்கியதும் அவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: முன்னுக்கு ஒரு ஷொக் போடலாமா?

அதைத் தீர்மானிப்பது நீங்களுமல்ல, கடைக்காரருமல்ல. ஃபிரேமின் முன்பக்கத்தில், ஹேண்டிலுக்குக் கீழே நிற்கிற அந்தக் குட்டைக் குழாய்தான் தீர்மானிக்கும். கொழும்புக்குப் பணத்தோடு பஸ் ஏறுவதற்கு முன், பாஸிடம் சொல்லி ஹெட்செட் கிண்ணங்களைக் கழற்றி, வேர்னியரால் அந்தக் குழாயின் உள்விட்டத்தை அளந்துவிடுங்கள். சுமார் 30 மி.மீ. என்றால் அது பழைய 1 அங்குல ஸ்டியரருக்கானது (ஸ்டியரர் என்பது ஃபோர்க்கிலிருந்து மேலெழுந்து தலைக்குழாய்க்குள் போகும் குழாய்). ஜப்பான் சைக்கிள்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். 34 மி.மீ. என்றால் 1⅛ அங்குலம், அதாவது 28.6 மி.மீ. தடிப்புள்ள நேர்க்குழாய் போகும். 44 மி.மீ. என்றால் அதிர்ஷ்டம்: நேர்க்குழாயும் போகும், கீழ்க்கிண்ணத்தை வெளியே நிற்கிற வகையாக மாற்றினால் கீழே 1½ அங்குலமாக அகலும் கூம்புக்குழாயும் போகும். மேலே 44, கீழே 56 என்றால் ஃபிரேம் கூம்புக்குழாய்க்கென்றே செய்யப்பட்டது. அதற்குள்ளும் பொருத்தமான கீழ் ஹெட்செட் போட்டு நேர்க்குழாயை இறக்கலாம். ஆனால் 34க்குள் கூம்புக்குழாயை இறக்க எந்த பாஸாலும் முடியாது. இன்று நல்ல ஃபோர்க்குகளில் பெரும்பாலானவை கூம்புக்குழாயோடுதான் வருகின்றன என்பதுதான் பழைய ஃபிரேம் வைத்திருப்பவரின் முதல் தலையிடி.

ஹேண்டிலின் கழுத்தில் பெரிய நட்டுகள் தெரிந்தால் ஸ்டியரர் மரை வெட்டியது. குழாய் 34 ஆக இருந்தால் கவலையில்லை. மரையில்லாத ஹெட்செட்டும் அதற்கேற்ற ஸ்டெம்மும் வாங்கி மாற்றிவிடலாம், செலவுதான் கூடும்.

பாவித்த ஃபோர்க் மலிவாகக் கிடைக்கும்போது விட்டத்தைப் பார்ப்பவர்கள் நீளத்தை மறந்துவிடுகிறார்கள். முதல் உரிமையாளர் தன் சின்ன ஃபிரேமுக்கு அளவாக ஸ்டியரரை வெட்டியிருப்பார். தலைக்குழாயின் உயரம், ஹெட்செட் எடுக்கும் உயரம், ஸ்டெம் பிடிக்கும் உயரம் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். குறைந்தால் அந்த ஃபோர்க் உங்களுடையதல்ல. துண்டு வைத்து வெல்டிங் அடித்துத் தருகிறேன் என்று பட்டறைக்காரர் அன்போடு சொல்லுவார். கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். கடுகண்ணாவை இறக்கத்தில் அந்த ஒட்டு விட்டால் பிடித்துக்கொள்ள வேறெதுவும் இருக்காது.

அடுத்தது உயரம். இங்கேதான் ஆசை புத்தியை வெல்லும். 1989இல் போல் டர்னர் தொடங்கிய ரொக்ஷொக்ஸின் முதல் ஃபோர்க்கான ஆர்எஸ்-1இல், சில்லு மேலெழும் ஓட்டம் 48 மி.மீ. மட்டுமே. 1990இல் டுராங்கோவில் நடந்த உலகச் சம்பியன்ஷிப்பின் டவுன்ஹில் போட்டியை கிரெக் ஹெர்போல்ட் அதில்தான் வென்றார். நம் பையன்களுக்கோ 150 இல்லாவிட்டால் மனம் ஆறாது.

கணக்கைப் பாருங்கள். ஷொக் இல்லாத பழைய 26 அங்குல ஃபோர்க், அச்சு மையத்திலிருந்து கால்கள் இரண்டும் மேலே சேரும் கிரவுன் வரை 400 மி.மீ. அளவில் இருக்கும். 100 மி.மீ. ஓட்டமுள்ள 26 அங்குல ஃபோர்க் சுமார் 470. நீங்கள் ஏறி அமர்ந்ததும் 20 மி.மீ. தாழும் என்று வைத்தாலும் முன்பக்கம் 50 மி.மீ. உயர்ந்து நிற்கும். ஏறத்தாழ 20 மி.மீ.க்கு ஒரு பாகை வீதம் தலைக்குழாய் சரியும். இங்கே இரண்டரைப் பாகை. இறக்கத்தில் அது இதமாகத் தெரியலாம். ஏற்றத்தில் முன்சில்லு தூக்கும், மெதுவாக மிதிக்கையில் ஹேண்டில் தானாக ஒருபக்கம் விழும். அதைவிட மோசம், நீண்ட ஃபோர்க் நெம்புகோலாகித் தலைக்குழாயின் வெல்டிங்கை ஒவ்வொரு குழியிலும் நெம்பும். பழைய ஃபிரேம்கள் அந்த இடத்தில்தான் கீறல் விடும். எத்தனை மில்லிமீற்றர் வரை போடலாம் என்று ஃபிரேம் செய்தவர் சொல்லியிருந்தால் அதைத் தாண்டாதீர்கள். சொல்லாவிட்டால் இப்போதிருக்கும் ஃபோர்க்கின் உயரத்தை அளந்து அதை ஒட்டியே வாங்குங்கள்.

சில்லு, பிரேக் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். "26" என்ற பேச்சை நம்பாமல் டயரின் பக்கத்தில் அச்சிட்ட எண்ணை வாசியுங்கள். மவுண்டன் பைக்கின் 26 என்பது 559. ஜப்பான் சைக்கிளின் 26×1⅜ என்பது 590. 27.5 அங்குலம் 584, 29 அங்குலம் 622. ரிம்மைக் கவ்வும் வி-பிரேக் வைத்திருப்பவருக்கு, அதன் கைகளைப் பூட்டும் குமிழ்கள் ஃபோர்க்கில் இருக்க வேண்டும். டிஸ்க்குக்கென்றே வரும் ஃபோர்க்கில் அவை இல்லை. அப்போது டிஸ்க் பூட்டக்கூடிய ஹப், கலிப்பர், அதற்கேற்ற பிரேக் நெம்பு என்று பட்டியல் நீளும். ஹப்பும் ஒரே வகையல்ல: பழைய 9×100, துளையச்சு 15×100, இப்போதைய பூஸ்ட் 15×110. மூன்றும் ஒன்றுக்கொன்று தானாகப் பொருந்தாது.

சுருளா காற்றா என்பதில் என் பக்கச்சாய்வைச் சொல்லிவிடுகிறேன். மலிவான சுருள் ஃபோர்க் இரண்டரைக் கிலோவை எட்டும், உங்கள் எடைக்கு ஏற்பச் சரிசெய்ய அதிகம் இடமில்லை. காற்று ஃபோர்க் இலேசு, எடைக்கேற்ப அழுத்தத்தை மாற்றலாம். ஆனால் அதற்கென்ற சிறிய உயரழுத்தப் பம்பு வேண்டும். டயர்க் கடைக் கொம்பிரசரை அதன் வாயில் வைக்க வேண்டாம். அந்தச் சிறிய அறைக்குள் எவ்வளவு போகிறது என்று அதில் அளக்கவே முடியாது. இன்னொன்று, ஐம்பது மணித்தியால ஓட்டத்துக்கு ஒருமுறை கீழ்க்கால்களைத் திறந்து எண்ணெய் மாற்றச் சொல்லும் ஃபோர்க்குகள் உண்டு. நம் மழையிலும் செம்மண்ணிலும் அதைத் தள்ளிப்போட்டால் சீல்கள் மண்ணை உள்ளே விடும், பிறகு பளபளக்கும் கால்களில் கீறல் விழும். சீல் வாங்கக் கிடைக்காத ஃபோர்க்கை, எவ்வளவு மலிவென்றாலும், நான் வாங்க மாட்டேன்.

இவ்வளவும் அளந்து பார்த்த பின் 34 மி.மீ. குழாயும் 559 சில்லும் வி-பிரேக்கும் உள்ள ஃபிரேம்தான் கையில் இருக்கிறதென்றால், 80 அல்லது 100 மி.மீ. ஓட்டமும் குமிழும் நேர் ஸ்டியரரும் உள்ள பழைய வகையைத்தான் தேட வேண்டும். கிடைக்கும், பொறுமை வேண்டும். 1 அங்குலக் குழாய்க்காரருக்கு நல்ல ஷொக் தேடி அலையச் சொல்ல மாட்டேன். ஃபிரேமில் இடமிருக்கும் அளவுக்கு அகலமான டயர் போட்டு, காற்றைச் சற்றுக் குறைத்து, மிச்சப் பணத்தைப் பிரேக் கட்டைகளுக்குக் கொடுக்கச் சொல்வேன்.

(அடுத்த வாரம்: நீண்ட இறக்கத்தில் சூடேறும் பிரேக்)