கிளச்சின் பழுதறிதல்

மோட்டார் வண்டியின் எஞ்சின் ஒருமுறை இயங்கத் தொடங்கினால் இடைவிடாது சுழலும் இயல்பினது. வண்டியோ நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவும், புறப்பட வேண்டிய நேரத்தில் புறப்படவும் வேண்டும். சுழலும் எஞ்சினையும் நிற்கும் சக்கரங்களையும் நேரே பிணைத்துவிட்டால் வண்டி துள்ளிப் பாயும். அன்றேல் எஞ்சின் அடங்கிப் போகும். இவ்விரண்டிற்கும் நடுவே இருந்து, வேண்டும்போது சேர்த்தும் வேண்டாதபோது பிரித்தும் வைக்கும் உறுப்பே கிளச்சு ஆகும்.

இரண்டு பித்தளைத் தட்டுகளை முதுகோடு முதுகாகச் சேர்த்து ஒன்றைச் சுழற்றிப் பாருங்கள். மெல்லத் தொடும்போது மற்றது வழுக்கும். அழுத்திப் பிடித்தால் அதுவும் உடன் சுழலும். கிளச்சில் நிகழ்வதும் இதுவே. எஞ்சினின் முனையில் பிளைவீல் என்னும் கனத்த சக்கரம் உள்ளது. அதனை ஒட்டி, இருமுகமும் உராய்வுப்பொருள் பதித்த வட்டத்தட்டு ஒன்று கியர்ப்பெட்டியின் தண்டில் கோக்கப்பட்டிருக்கும். வலிய வில்லின் துணைகொண்டு அழுத்தத்தட்டு இதனைப் பிளைவீலோடு இறுக்கிப் பிடிக்கிறது. ஓட்டுநர் இடக்காலால் மிதிகட்டையை அழுத்தும்போது அவ்வசைவு கம்பியாலோ பிரேக்கு எண்ணெயின் அழுத்தத்தாலோ உட்சென்று, ஒரு பேரிங்கைத் தள்ளி, வில்லின் பிடியை நீக்குகிறது. 1983 முதல் 2014 வரை நம் நாட்டில் செய்யப்பெற்ற மாருதி 800 வண்டியின் கிளச்சு கம்பியால் இயங்குவது.

இவ்வமைப்பை மனத்திற்கொண்டால், கிளச்சுக்கு வரும் பெரும்பழுதுகள் இரண்டே என்பது விளங்கும். பிடிக்க வேண்டியபோது பிடியாமை ஒன்று. விட வேண்டியபோது விடாமை மற்றொன்று. இவை ஒன்றற்கொன்று நேர்மாறானவை. ஆயினும், ‘கிளச்சு போய்விட்டது’ என்று இரண்டையும் ஒரே சொல்லாற் கூறி, உடனே கியர்ப்பெட்டியை இறக்கச் சொல்வார் பலர். அது பெரிய வேலை, செலவும் மிகுதி. வெளியே உள்ள திருகைச் சில சுற்றுத் திருப்பினால் தீரும் பழுதுக்கு அத்துணைச் செலவு எதற்கு?

பிடியாமை, மலை ஏறும்போது தெளிவாகத் தெரியும். கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டையூசி வளைவுகளில் இந்நோயுள்ள வண்டி ஏறுமாயின், எஞ்சினின் முழக்கம் உயரும், வேகம் உயராது, கருகும் நாற்றம் வீசும். ஐயமிருப்பின் சமதரையில் சோதிக்கலாம். கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்னும் பின்னும் ஆளில்லாமை கண்டு, மேல் கியரில் இட்டுக் கிளச்சை மெல்ல விட வேண்டும். எஞ்சின் திணறி நின்றுவிட்டால் பிடி நன்று. நில்லாது ஓடினால் தட்டு வழுக்குகிறது. இச்சோதனையே தட்டைச் சூடாக்குமாதலின் ஒருமுறைக்குமேற் செய்தலாகாது.

வழுக்கல் கண்டவுடன் தட்டு தேய்ந்தது என்று துணிதலும் தவறு. கம்பியால் இயங்கும் வண்டியில் மிதிகட்டை தொடக்கத்தில் சிறிது தொலைவு தடையின்றி இறங்க வேண்டும். தட்டு தேயத் தேய இவ்வெற்றசைவு குறையும். அது முற்றும் மறைந்தால், கால் வைக்காதபோதும் பேரிங்கு வில்லைத் தள்ளிக்கொண்டே நிற்கும். செய்தவர் நூலிற் குறித்த அளவுக்குக் கம்பியைத் தளர்த்தினால் பிடி மீளக்கூடும். ஓடும் வண்டியில் இடக்காலை மிதிகட்டையின்மேலேயே வைத்திருப்போர் இத்தீங்கைத் தாமே விளைவிக்கின்றனர். காலுக்கு அஃது ஓய்வு. கிளச்சுக்கோ ஓயாத தேய்மானம். வெற்றசைவு சரியாயிருந்தும் வழுக்கினால், தட்டு தேய்ந்திருக்கும். அல்லது எஞ்சின் எண்ணெய் கசிந்து அதன்மேற் படிந்திருக்கும்.

விடாமையின் அறிகுறி வேறு. மிதிகட்டையை முழுதும் அழுத்தியும் கியர் ‘கரகர’ என்று அரைபடும். பின்செல் கியரில் இது மிகுதி. இங்கே கம்பி தளர்ந்து, வெற்றசைவு கூடியிருத்தல் இயல்பு. எண்ணெயால் இயங்கும் கிளச்சாயின், மிதிகட்டையை இரண்டு மூன்றுமுறை விரைந்து அழுத்திப் பார்க்க வேண்டும். அதன்பின் கியர் எளிதில் விழுந்தால் குழாயிற் காற்றுப் புகுந்துள்ளது. காற்றை வெளியேற்றுதலோடு கசிவையும் தேடியடைக்க வேண்டும். மழையில் நெடுநாள் நின்ற வண்டியில் தட்டு துருவால் பிளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு.

ஒலியும் ஒரு சான்றாகும். மிதிகட்டையை அழுத்தும்போது எழும் இரைச்சல், வில்லைத் தள்ளும் பேரிங்கைச் சுட்டும். அழுத்தும்போது அடங்கி, விடும்போது எழுவது கியர்ப்பெட்டியினுள் உள்ள பேரிங்கின் குற்றம்.

இவற்றையெல்லாம் ஆராய்ந்தும் குறை உள்ளேதான் எனத் தெரிந்தால், பெட்டியை இறக்கத்தான் வேண்டும். அங்குள்ள தூசியை வாயால் ஊதுவதும் காற்றுக்குழாயால் அடிப்பதும் கூடா. பழைய தட்டுகளிற் கல்நார் கலந்திருக்கும். அதன் நுண்ணிழைகள் நுரையீரலிற் புகுந்தால் பல ஆண்டுகள் கழித்தும் புற்றுநோயை உண்டாக்கவல்லன. ஆகவே தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுப்பர். தட்டு, அழுத்தத்தட்டு, பேரிங்கு ஆகிய மூன்றையும் ஒருங்கே மாற்றுவது சிக்கனம். ஒன்றை விட்டுவைத்தால் அதற்காக மீண்டும் பெட்டியை இறக்க நேரிடும். எண்ணெய்க் கசிவை அடைக்காது புதுத்தட்டு பொருத்துவதும் வீண். தட்டை நடுவச்சில் நிறுத்தி, மரைகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். அச்சு பிசகினால் கியர்ப்பெட்டியின் தண்டு உட்புகாது. அதனை வலிந்து புகுத்த முயன்று, பெட்டியின் பாரத்தைத் தட்டின்மேல் தொங்கவிட்டால், தட்டு வளையும். வளைந்த தட்டோ, புதியதாயினும், விட வேண்டியபோது விடாது.