இடமோ, வலமோ?

வீதியில் வண்டி செலுத்துவோர் எப்புறமாகச் செல்லல் வேண்டும்? இவ்வினாவை எழுப்பின், நம் தேயத்துச் சிறுவனும் இடப்புறம் என விடையிறுப்பான். இலங்கை, இங்கிலாந்து, ஜப்பான் முதலிய நாடுகளிலும் விடை அதுவே. பிரான்சு, ஜெர்மனி, அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஆகியவற்றிலோ வலப்புறம் என்பர். ஒரு நாட்டில் முறையாவது மற்றொரு நாட்டிற் குற்றமாதல் எங்ஙனம்? இதனைச் சிறிது ஆராய்வாம்.

களவும் கொலையும் இயல்பிலேயே தீயன. ஆதலின் எந்நாட்டினும் அவை குற்றமாம். இடப்புறஞ் செல்லுதல் அத்தகையதன்று. அதனகத்து நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. எல்லாரும் ஒருமுகமாய் ஒழுகுதலே அவ்விதிக்கு உயிர். அவ்வுடன்பாட்டை ஒருவன் மீறுவானாயின், எதிர்வருவோனுக்கு அவன் யமனாகின்றான்.

ஓர் இராச்சியம் முழுவதும் ஒரே நாளிற் புறம் மாறிய வரலாறு இதனை நன்கு விளக்கும். சுவீடன் நாட்டார் நெடுங்காலம் இடப்புறமே சென்றனர். அண்டையிலுள்ள நார்வேயிலும் பின்லாந்திலுமோ வலப்புற வழக்கே நிலவிற்று. அன்றியும், சுவீடனில் ஓடிய மோட்டார் வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் ஓட்டுவோன் இருக்கையும் இடப்பக்கத்தே அமைந்திருந்தது. அதனால் முன்செல்லும் வண்டியைக் கடக்க முயல்வோன், எதிரே வருவதனை நன்கு காணமாட்டாது இடர்ப்பட்டான். இருந்தும், 1955-ஆம் ஆண்டிற் குடிகளின் கருத்தை வினவியபோது, வாக்களித்தோரில் நூற்றுக்கு 82 பேருக்கு மேற்பட்டோர் மாற்றம் வேண்டா என்றனர். பழக்கத்தின் வன்மைதான் என்னே! எனினும், 1963-இற் சட்டசபையார் மாற்றத்திற்கு இசைந்தனர். 1967 செப்டம்பர் 3, ஞாயிறு வைகறை 4.50 மணிக்கு, வீதியிலிருந்த வண்டிகளெல்லாம் நின்றன. மெல்ல வலப்புறஞ் சேர்ந்தன. 5 மணிக்கு மீண்டும் புறப்பட்டன.

பெருங்கேடு விளையுமென அஞ்சினோர் பலர். நிகழ்ந்ததோ வேறு. மறுநாள் பதிவான விபத்துக்கள் 125. முந்தைய திங்கட்கிழமைகளில் அவை 130 முதல் 198 வரை இருந்தன. அன்று விபத்தில் மாண்டோர் ஒருவருமில்லை. காரணம் யாது? ஒவ்வொருவரும் தம்மை நம்பாது, நாற்புறமும் நோக்கி, மெல்லச் சென்றமையேயாம். புதுவழக்கம் பழகவே அச்சம் அகன்றது. ஏறக்குறைய இரண்டாண்டுகளில் விபத்துக்களும் பழைய அளவை எய்தின.

இதற்கு மறுதலையாக, பசிபிக் கடலிலுள்ள சமோவாத் தீவினர் 2009 செப்டம்பர் 7 அன்று வலத்தினின்று இடத்திற்கு மாறினர். இடப்புற வழக்குடைய ஆஸ்திரேலியா, நியூசீலாந்து நாடுகளினின்று குறைந்த விலையிற் பழைய வண்டிகளை வருவித்தலே அதன் நோக்கம்.

இவற்றால் நாம் அறியத்தக்கன இரண்டு. சென்ற நாட்டின் வழக்கைக் கைக்கொள்ளல் வேண்டுமென்பது ஒன்று. வீதியைக் கடக்குமுன் முதற்கண் வலப்பக்கம் நோக்குதல் நமக்கு இயல்பு. மேற்படிப்பின்பொருட்டு அமெரிக்கா செல்லும் நம் தோழர் அவ்வாறே செய்வாராயின், இடப்பக்கமிருந்து வரும் வண்டியைக் காணார். இலண்டன் வீதிகளில், வலப்பக்கம் நோக்குக எனத் தரையிலேயே எழுதிவைத்திருப்பதும் அயலாரின் உயிரைக் காத்தற்கேயாம்.

விதி மட்டும் நம்மைக் காவாது என்பது மற்றொன்று. சுவீடன் மக்களைக் காத்தது வலப்புறமன்று; விழிப்பேயாம். நம் கல்லூரி வாயிலிலும் வீதியொன்று உண்டு. முதல் மணி அடிக்கும் வேளையில், மிதிவண்டியில் விரைந்து, இருபுறமும் நோக்காது அதனைக் கடப்போர் நம்முள்ளும் உளர். புதிய வீதியிற் செல்வார்போல் அதனை நாடோறும் கடப்போமாக.