ராபின்சனுக்கு 63 வருஷம் முன்பே ஆடியவர்... யார் இந்த மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர்?

அமெரிக்க பேஸ்பாலில் நிறத் தடையை உடைத்தவர் யார் என்று கேட்டால், ஜாக்கி ராபின்சன் என்று பதில் வரும். ஆண்டு 1947. ஆனால் 1884-லேயே டொலிடோ அணிக்காக மேஜர் லீக்கில் ஆடிய கறுப்பின வீரர் ஒருவர் உண்டு. அவர்தான் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர்.

கேட்சரின் வேலை என்ன?

கிட்டத்தட்ட கிரிக்கெட் விக்கெட் கீப்பர் மாதிரிதான். பேட்டருக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து, பிட்சர் வீசும் பந்தைப் பிடிக்கணும். என்ன பந்து வீசணும் என்று சைகையும் காட்டணும். அந்தக் காலத்தில் இப்போது இருப்பது போன்ற பெரிய கிளவுஸ் கிடையாது. வாக்கர் பெரும்பாலும் வெறும் கையால்தான் பிடித்தார்.

இதில் இன்னொரு சிக்கல். அவரது அணியின் பிட்சர் டோனி முல்லேன், கறுப்பினத்தவர் காட்டும் சைகையை ஏற்க மாட்டேன் என்று இஷ்டத்துக்கு வீசினார். என்ன பந்து வருகிறது என்றே தெரியாமல் வாக்கர் பிடித்தார். தான் பார்த்ததிலேயே சிறந்த கேட்சர் வாக்கர்தான் என்று, பல வருஷம் கழித்து முல்லேனே ஒப்புக்கொண்டார்.

தடை எப்படி வந்தது?

1883-ல் சிகாகோ அணியின் நட்சத்திரம் கேப் ஆன்சன், வாக்கர் இறங்கினால் ஆட மாட்டேன் என்றார். ஆடாவிட்டால் டிக்கெட் வசூலில் பங்கு கிடையாது என்று டொலிடோ சொன்னதும் இறங்கி வந்தார். 1884-ல் வாக்கர் 42 ஆட்டங்கள் ஆடினார், பேட்டிங் சராசரி.263. காயங்களால் அந்த சீசனோடு மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது. சிறிய லீக்குகளில் தொடர்ந்தார்.

1887 ஜூலை 14-ல் அவர் ஆடிய இன்டர்நேஷனல் லீக், இனி கறுப்பின வீரர்களைப் புதிதாக ஒப்பந்தம் செய்வதில்லை என்று வாக்கெடுப்பில் முடிவெடுத்தது. மேஜர் லீக்கிலோ எழுதப்பட்ட விதியே இல்லை. எல்லாம் வாய்வழி உடன்பாடுதான். 1889-ல் சிராக்யூஸ் அணியோடு வாக்கரின் ஆட்டம் முடிந்தது.

அதன் பிறகு?

ஓபர்லினிலும் மிச்சிகனிலும் படித்த வாக்கர், ஓஹியோவில் தியேட்டர் நடத்தினார், கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கினார். 1908-ல் ஒரு நூல் எழுதினார். கறுப்பின மக்களுக்கு அமெரிக்காவில் எதிர்காலம் இல்லை, ஆப்பிரிக்காவுக்கே போய்விட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். 1924-ல் இறந்தார். பல பத்தாண்டுகள் அவரது கல்லறையில் பெயர்ப்பலகைகூட இல்லை.

ராபின்சன் உடைத்த தடை ஆரம்பத்திலிருந்தே இருந்த ஒன்றல்ல. வாக்கர் ஆடிக் காட்டிய பிறகு போடப்பட்டது.