புத்தொழில் நிறுவனம்

புத்தொழில் நிறுவனம் என்பது புதிய பொருளையோ சேவையையோ உருவாக்கி, விரைந்து வளரும் நோக்குடன் தொடங்கப்படும் இளம் நிறுவனம் ஆகும். புதிதாகத் திறக்கப்படும் மளிகைக் கடை இவ்வகையில் அடங்காது. அதன் வணிகமுறை முன்பே அறியப்பட்டது. புத்தொழிலிலோ வாடிக்கையாளர் யார், வருவாய் எவ்வழி என்பவற்றையே தேடிக் கண்டறிய வேண்டியுள்ளது. அதற்குள் முதலீடு தீர்ந்து மூடப்படுபவை பல.

இங்கு ஒருவரே நிரலாக்கம், விற்பனை, வாடிக்கையாளர் உதவி எனப் பல பணிகளைச் செய்ய நேரும். ஊதியக் குறைவுக்கு ஈடாகப் பங்குரிமை வழங்கப்படுவதுண்டு. நிறுவனம் மூடப்பட்டால் அது வெறும் தாளே. கிரீஷ் மாத்ருபூதம், ஷான் கிருஷ்ணசாமி ஆகியோர் 2010 இல் சென்னையில் தொடங்கிய பிரெஷ்டெஸ்க், பின்னர் பிரெஷ்வொர்க்ஸ் எனப் பெயர் மாறி, செப்டம்பர் 2021 இல் அமெரிக்காவின் நாசுடாக் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. ஊழியர்களுள் 500-க்கும் மேற்பட்டோர் அதனால் கோடீசுவரர் ஆனதாகக் கிரீஷ் கூறினார். எனினும், 36 டாலருக்கு வெளியிடப்பட்ட அப்பங்கின் விலை 2022 இல் அதற்கும் கீழே இறங்கியது.