கால் எரிச்சலுக்கு போனால் 'மனநோய் மாத்திரை' கொடுப்பது ஏன்?

சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் உள்ளங்கால் தீயா எரியுது என்று அரசு ஆஸ்பத்திரிக்கு போகிறார். டாக்டர் சீட்டு எழுதுகிறார். மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். பத்தாவது படிக்கும் மகன் அட்டையின் பின்னால் உள்ள பெயரை செல்போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா... இது மனநோய்க்கு கொடுக்குற மாத்திரைப்பா" என்கிறான்.

அவ்வளவுதான்! "எனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு? அந்த டாக்டருக்குத்தான் புடிச்சிருக்கு" என்று அட்டையை தூக்கி குப்பையில் வீசுகிறார். அன்று ராத்திரியும் கால் எரிச்சலோடு விட்டத்தை பார்த்துக்கொண்டே படுத்துக் கிடக்கிறார்.

கொஞ்சம் பெயரை மாற்றினால் இது நம்ம தெருவில் பல வீடுகளின் கதை. ஒற்றைத் தலைவலிக்கு போன அக்கா, அம்மை கொப்புளம் ஆறிய பிறகும் விலாவில் வலி போகாத தாத்தா என்று பலருக்கும் இதே மாத்திரை, இதே சந்தேகம்.

அந்த மாத்திரையின் பெயர் அமிட்ரிப்டிலின். 10 மில்லிகிராம், 25 மில்லிகிராம் என்று சின்ன சின்ன மாத்திரையாக வரும். விலையும் அதிகம் இல்லை.

ஒரே மாத்திரை... இரண்டு வேலை!

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பையன் செல்போனில் பார்த்து சொன்னது பொய் இல்லை. அமிட்ரிப்டிலின் மன அழுத்த நோய்க்கு வந்த மருந்துதான். 1961-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. அப்போது இருந்து அறுபது வருடங்களுக்கு மேலாக உலகம் முழுக்க புழக்கத்தில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்து பட்டியலிலும் இதற்கு இடம் உண்டு.

அப்புறம் கால் எரிச்சலுக்கு எதற்கு?

நம் உடம்பில் அடிபட்டால் நரம்பு வழியாக தகவல் தண்டுவடத்துக்கு போய், அங்கிருந்து மூளைக்கு போகிறது. "வலிக்குது" என்று நமக்கு தெரிவது அப்போதுதான். சர்க்கரை வியாதியில் நரம்பே கெட்டுப்போகிறது. காலில் புண்ணும் இல்லை, அடியும் இல்லை. ஆனால் கெட்டுப்போன நரம்பு சும்மா சும்மா தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. கோளாறான காலிங்பெல் ஆள் இல்லாமலே அடிக்கிற மாதிரி! இந்த வலிக்கு சாதாரண வலி மாத்திரை போட்டால் பெரிதாக கேட்காது.

மூளைக்கு அந்த சத்தத்தை அடக்குகிற வழி ஒன்று உண்டு. மேலே இருந்து தண்டுவடத்துக்கு "போதும், நிறுத்து" என்று ஒரு உத்தரவு இறங்கும். அந்த உத்தரவை சுமந்து போகும் ரசாயனங்களில் முக்கியமானவை செரோடோனின், நார்அட்ரினலின். நரம்பு செல் இதை சுரந்த கொஞ்ச நேரத்தில் தானே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அமிட்ரிப்டிலின் அந்த உறிஞ்சலை தடுக்கிறது. ரசாயனம் கூடுதல் நேரம் நின்று வேலை செய்கிறது, வலி தணிகிறது.

மனசு, தூக்கம், பசி ஆகியவற்றிலும் இதே ரசாயனங்களுக்கு பங்கு உண்டு. அதனால்தான் ஒரே மாத்திரை இரண்டு பக்கமும் உதவுகிறது.

ஆனால் அளவு வேறு. நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் பெரும்பாலும் ராத்திரி 10 மில்லிகிராமில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றுவார்கள். மன அழுத்த நோய்க்கு 50, 75 மில்லிகிராம், தேவைப்பட்டால் அதற்கு மேலும் போகும். சீட்டில் 10 என்று இருந்தால், டாக்டர் உங்களை மனநோயாளி என்று முடிவு கட்டிவிட்டார் என்று அர்த்தம் இல்லை.

அப்படியே மன அழுத்தத்துக்கு எழுதியிருந்தாலும் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? பி.பி.க்கு மாத்திரை போடுகிறவர் தெருவில் தலை குனிந்தா நடக்கிறார்?

காசநோய் வார்டில் நடந்த அதிசயம்

மனசுக்கு மாத்திரை என்ற சங்கதியே தற்செயலாக வந்ததுதான். 1950-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் உள்ள சீ வியூ ஆஸ்பத்திரியில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் என்ற புது மருந்து கொடுத்தார்கள். படுக்கையில் சோர்ந்து கிடந்தவர்கள் எழுந்து சிரிக்க ஆரம்பித்தார்கள். சிலர் வார்டிலேயே ஆட்டம் போட்டார்களாம்! நுரையீரலுக்கு கொடுத்தது மனசுக்கு வேலை செய்கிறதே என்று டாக்டர்கள் விழித்துக்கொண்டார்கள்.

அதற்கு பிறகு சுவிட்சர்லாந்து டாக்டர் ரோலண்ட் குன், வேறு ஒரு மனநோய்க்கு என்று பரிசோதித்த இமிப்ரமின் என்ற மருந்து அதற்கு உதவாமல், மன அழுத்தக்காரர்களுக்கு உதவுவதை கண்டுபிடித்து 1957-ல் வெளியிட்டார். இமிப்ரமினின் தம்பி மாதிரிதான் நம்ம அமிட்ரிப்டிலின்.

இன்றைக்கு மன அழுத்த நோய் என்று போனால் பெரும்பாலும் முதலில் எஸ்சிடலோபிராம், புளுஆக்சிடின், செர்ட்ரலின் மாதிரி பிறகு வந்த மாத்திரைகளைத்தான் எழுதுகிறார்கள். பழைய மாத்திரை வேலை செய்யாது என்பதால் அல்ல. புது மாத்திரைகளில் தொந்தரவு குறைவு, அளவு மீறினால் ஆபத்தும் குறைவு. தூக்கமே வராதவர், வலியும் மன அழுத்தமும் சேர்ந்தே இருப்பவர் என்றால் இன்னமும் அமிட்ரிப்டிலின் பக்கம் போவது உண்டு.

முதல் இரண்டு வாரம்தான் சோதனை

இந்த மாத்திரையில் ஒரு பெரிய சங்கடம், தொந்தரவு முதலில் வரும், பலன் பின்னால் வரும். பாதி பேர் விட்டுவிடுவது இங்கேதான்.

போட்ட மறுநாளே நாக்கு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வாய் காயும். மலச்சிக்கல் வரும். காலையில் எழுந்தால் தலை கனமாக, தூக்கக் கலக்கமாக இருக்கும். சிலருக்கு கண் கொஞ்சம் மங்கும். மாசக்கணக்கில் போட்டால் எடை கூடலாம். "வலிக்கு போட்டா உள்ளதும் போச்சே" என்று தோன்றும்.

வலி குறைய ஓரிரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். மன அழுத்தம் குறைய இரண்டு முதல் நான்கு வாரம். தூக்கம் மட்டும் முதல் சில நாளிலேயே நன்றாக வந்துவிடும். வாய் காய்வதற்கு அடிக்கடி ஒரு வாய் தண்ணீர், மலச்சிக்கலுக்கு கீரை, பழம் என்று சமாளிக்கலாம். பெரும்பாலும் உடம்பு பழகிக்கொள்ளும்.

மாத்திரையை ராத்திரி 11 மணிக்கு போட்டுவிட்டு காலை 5 மணிக்கு ஆட்டோ எடுக்க போகாதீர்கள். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட்டுவிட்டால் காலை மயக்கம் குறையும். தூக்கக் கலக்கம் இருக்கும் வரை வண்டி ஓட்டுவது, சாரம் ஏறுவது, மெஷினில் கை வைப்பது வேண்டாம். சூப்பர்வைசரிடம் நாலு நாள் கீழ் வேலை கேட்டு வாங்கிக்கொள்வதில் தப்பே இல்லை.

இன்னொன்று, சட்டென்று எழுந்தால் பி.பி. இறங்கி தலை சுற்றும். ராத்திரி ஒண்ணுக்கு போக எழும் பெரியவர்கள் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்வது இப்படித்தான். படுக்கையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எழுந்திருக்க வேண்டும். 65 வயதுக்கு மேல் என்றால் டாக்டர்களே இந்த மாத்திரையை யோசித்துத்தான் எழுதுகிறார்கள்.

இவர்கள் வாயை திறந்து சொல்ல வேண்டும்!

கூட்ட நேரத்தில் டாக்டர் எல்லாவற்றையும் கேட்க முடியாமல் போகலாம். நாமே சொல்லிவிட வேண்டும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், இதயத் துடிப்பு கோளாறு உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை ஆகாது. இதய நோய் சந்தேகம் இருந்தால் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். கண்ணில் நீர் அழுத்தம் உள்ளவர்களுக்கு அழுத்தம் ஏறலாம். புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்கு சிறுநீர் சுத்தமாக அடைத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. வலிப்பு உள்ளவர்கள், கொஞ்ச நாள் அளவுக்கு மீறிய உற்சாகம், கொஞ்ச நாள் சோர்வு என்று மாறி மாறி வருகிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தாங்களாக ஆரம்பிக்கவும் கூடாது, பயந்துபோய் தாங்களாக நிறுத்தவும் கூடாது.

அடுத்து, கூட்டு சேரக்கூடாதவை.

முதலிடம் சரக்குக்கு! மாத்திரையும் தூக்கம் தரும், சரக்கும் தூக்கம் தரும். இரண்டும் சேர்ந்தால் போதை இரண்டு மடங்கு. வண்டியில் போனால் வீடு வந்து சேர உத்தரவாதம் இல்லை.

வலிக்கு கொடுக்கும் டிரமடால் மாத்திரையும் இதுவும் சேர்ந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு கொடுக்கும் லினசோலிட் மருந்தோடும் ஒத்துப்போகாது. சளி மாத்திரையில் சில வகை தூக்கத்தை இன்னும் கூட்டும். வேறு மனசு மாத்திரை ஏற்கனவே போடுகிறீர்கள் என்றால் அந்த அட்டையையும் எடுத்துக்கொண்டு போய் காட்டுங்கள். பெயர் சொல்ல வராவிட்டால் பரவாயில்லை, அட்டை பேசும்.

பீரோவில் பூட்டி வையுங்கள்

இனி சொல்வது பயமுறுத்த அல்ல. ஆனால் சொல்லாமல் விட முடியாது.

டாக்டர் சொன்ன அளவில் பல லட்சம் பேர் நிம்மதியாக போடும் இந்த மாத்திரை, அளவு மீறினால் இதயத் துடிப்பையே தடுமாற வைத்து உயிரை எடுத்துவிடும். மிட்டாய் என்று நினைத்து குழந்தை எடுத்து விழுங்கினால் ஆபத்து. டி.வி. மேல், சாமி படத்துக்கு பின்னால், அரிசி டப்பா மூடி மேல் என்று அட்டையை வைக்கிற பழக்கத்தை இந்த மாத்திரைக்கு மட்டுமாவது விட்டுவிடுங்கள்.

யாராவது அதிகமாக விழுங்கிவிட்டால், நன்றாகத்தானே பேசுகிறார் என்று காத்திருக்கக் கூடாது. திடீரென்று மோசமாகும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. உடனே 108, கையில் காலி அட்டை.

வீட்டில் ஒருவர் "வாழவே பிடிக்கல" என்று பேசுகிறார் என்றால் மாத்திரை அவர் கையில் இருக்கக் கூடாது. வீட்டு ஆள் வைத்துக்கொண்டு அன்றன்றைக்கு கொடுக்க வேண்டும். டாக்டரிடம் விஷயத்தை சொன்னால் ஒரு வாரத்துக்கு மட்டும் எழுதுவார், அல்லது ஆபத்து குறைந்த வேறு மாத்திரைக்கு மாற்றுவார்.

25 வயதுக்கு உட்பட்டவர்களை கூடுதலாக கவனிக்க வேண்டும். மன அழுத்த மாத்திரைகள் எல்லாவற்றிலும், ஆரம்ப வாரங்களில் சில இளைஞர்களுக்கு தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு 2004-ல் சிறுவர்களுக்கும், 2007-ல் 24 வயது வரை உள்ளவர்களுக்கும் எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. மாத்திரையே வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மன அழுத்தத்தை அப்படியே விடுவதும் உயிருக்கு ஆபத்துதான். திடீர் எரிச்சல், தூக்கமின்மை, ஒரு இடத்தில் நிற்க முடியாத தவிப்பு தெரிந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும். மனசு கனமாகி பேச ஆள் இல்லை என்றால் தமிழக அரசின் 104, மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மனாஸ் 14416 ஆகிய எண்களில் தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது.

அடிமையாகி விடுவோமா?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. தூக்க மாத்திரை மாதிரி "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று இழுக்கும் சுபாவம் இதற்கு இல்லை. ஆனால் மாசக்கணக்கில் போட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் குமட்டல், தலைவலி, தூக்கம் கெடுதல், படபடப்பு வரும். அதை அடிமைத்தனம் என்று தப்பாக நினைத்துக்கொள்கிறார்கள். டாக்டர் சொல்படி படிப்படியாக குறைத்தால் பிரச்சினை வராது. ஒரு வேளை மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாக சேர்த்து போடக் கூடாது.

மன அழுத்தத்துக்கு போடுகிறவர்கள், நல்லா ஆயிட்டேன் என்று தோன்றிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டி வரும். பாதியில் விட்டால் நோய் திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

நரம்பு வலியில் ஒரு உண்மையையும் சொல்லிவிடலாம். போட்ட எல்லாருக்கும் வலி போய்விடாது. ஒரு பகுதி பேருக்கு நல்ல பலன், சிலருக்கு பரவாயில்லை, பலருக்கு பெரிதாக ஒன்றும் தெரியாது. டாக்டர் சொன்ன காலம் வரை ஒழுங்காக போட்டும் கேட்கவில்லை என்றால் வேறு மருந்து இருக்கிறது. சர்க்கரையை கட்டுக்குள் வைக்காமல் மாத்திரையை மட்டும் நம்பினால், எரிச்சல் குறையலாம், நரம்பு கெடுவது நிற்காது.

இது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. "எனக்கு தலைவலி போச்சு, நீயும் ரெண்டு போடு" என்று பக்கத்து வீட்டு அக்கா அன்போடு நீட்டினாலும் வாங்கக் கூடாது. அக்காவுக்கு கண் அழுத்தம் இல்லாமல் இருந்திருக்கும், உங்களுக்கு இருக்கலாம்.

குப்பையில் வீசிவிட்டு வந்தவர்கள் கூச்சப்படாமல் மறுபடி அதே டாக்டரிடமே போகலாம். "மனநோய் மாத்திரைன்னு பயந்து போடல சார்" என்று சொன்னால் திட்ட மாட்டார். அவர் தினமும் கேட்கிற வசனம்தான் அது.