மெதுவாகப் போகும்போது மட்டும் ஏன் உதைக்கிறது? – பிக்கப் டிரக்கும் ஆட்டோமேட்டிக் கியரும்

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களிடம் பேசினால் ஒரு புகார் அடிக்கடி காதில் விழும். ஹைவேயில் நூறைத் தாண்டியும் வெண்ணெய் மாதிரி போகிற வண்டி, டிராஃபிக்கில் 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால் உதைக்கிறது. சிக்னலில் நிற்கப் போகும்போது பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி ஒரு 'டொம்'. கிளம்பும்போது இன்னொன்று. உடனே மனசில் வரும் பயம்: "கியர்பாக்ஸ் போச்சு!"

இந்தப் பயத்துக்கு விலை இருக்கிறது. கியர்பாக்ஸை மாற்றினால் பல ஆயிரம் டாலர். ஆயில் மாற்றினால் சில நூறு. அதனால் உதை எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டு பட்டறைக்குப் போவது நல்லது. மெக்கானிக்கல் பி.இ. முடித்துவிட்டு கோடு எழுதப் போன பெருங்கூட்டத்தில் நானும் ஒருவன். அந்த இரண்டு கண்ணாலும் பார்த்ததை இங்கே குறித்து வைக்கிறேன்.

குடம் கைமாற்றுவது

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே இருக்கும். எந்தக் கிளட்ச் பிடிக்கிறது, எது விடுகிறது என்பதை வைத்துத்தான் கியர் மாறும். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கி, 2017 மாடல் வண்டிகளில் வர ஆரம்பித்த பத்து கியர் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஆறு கிளட்ச். எந்தக் கியரிலும் அதில் நான்கு பிடித்திருக்கும். அடுத்த கியருக்குப் போக, ஒன்று விடவேண்டும், இன்னொன்று பிடிக்கவேண்டும்.

தண்ணீர்க் குடத்தை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்குவது போலத்தான் இது. கொடுப்பவர் சீக்கிரம் விட்டுவிட்டால் குடம் நழுவும். வண்டியில் இன்ஜின் ஒரு நொடி வெறுமனே 'வ்ரூம்' என்று ஏறும். கொடுப்பவர் விடாமல் வாங்குபவரும் இழுத்தால் தண்ணீர் சிந்தும். வண்டியில் அதுதான் உதை. இந்தக் கைமாற்றம் நொடியில் ஒரு பங்குக்குள் நடந்து முடியவேண்டும். கையாக வேலை செய்வது ஆயில் அழுத்தம்.

கீழ்க் கியர்களில்தான் ஏன்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். அந்தப் பத்து கியர் பெட்டியில் முதல் கியர் விகிதம் 4.70, இரண்டாவது 2.99. இன்ஜின் 1,800 சுற்றில் இருக்கும்போது ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறினால், சுற்று சுமார் 1,145-க்கு விழவேண்டும். ஒன்பதாவது 0.69, பத்தாவது 0.64. அதே 1,800-ல் ஒன்பதிலிருந்து பத்துக்கு மாறினால் 1,670 வரைதான் இறங்கும். முதலாவது மாடிப்படியில் குதிப்பது, இரண்டாவது வாசல்படி தாண்டுவது.

இன்னொரு காரணமும் உண்டு. ஊர்ந்து போகும்போது நாம் ஆக்சிலரேட்டரைத் தொடுவதும் விடுவதுமாக இருப்போம். ஒரு கணம் இன்ஜின் சக்கரத்தைத் தள்ளுகிறது, அடுத்த கணம் சக்கரம் இன்ஜினைத் தள்ளுகிறது. வழியில் இருக்கும் பற்சக்கரம், ஜாயின்ட் எல்லாவற்றிலும் கொஞ்சம் 'ப்ளே' இருக்கும். திசை மாறும் ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளி தட்டி மூடும். பிக்கப்பில் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் நீளம்; பின் ஆக்சில் பெரும்பாலும் பட்டைமேல் உட்கார்ந்து கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அந்தத் தட்டு நம் முதுகில் வந்து தெரிகிறது.

கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டது

1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் வந்த ஹைட்ராமேட்டிக்கில் நான்கு கியர். கம்ப்யூட்டர் கிடையாது, வால்வும் ஸ்பிரிங்கும் ஆயில் அழுத்தமுமே முடிவெடுத்தன. இன்றைய பெட்டி அப்படியில்லைங்க. உள்ளே போகும் சுற்று, வெளியே வரும் சுற்று இரண்டையும் அளந்து, கைமாற்றம் எவ்வளவு நேரம் எடுத்தது என்று பார்த்து, அடுத்த முறை அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டும், குறைக்கும். கிளட்ச் தேயத் தேய அதற்கேற்ப ஈடுகட்டும்.

எங்கள் தொழிலில் சொன்னால், இது பழைய அளவுகளை நினைவில் வைத்து ஓடும் ப்ரோகிராம். அதன் கீழே இருக்கும் நிலைமை சட்டென்று மாறினால், அதாவது ஆயில் குறைந்தாலோ, புது ஆயில் ஊற்றினாலோ, வால்வு பாடியை மாற்றினாலோ, நினைவில் இருக்கும் கணக்கு தப்பாகிவிடும். இரும்பில் ஒன்றும் உடையாமலேயே வண்டி உதைக்கும்.

எந்த வரிசையில் பார்ப்பது?

செலவு குறைந்தது, திரும்பப் பெறக்கூடியது முதலில். அவ்ளோதான் விதி.

முதலில் ஆயில் அளவு. இதைச் சரியான சூட்டில்தான் பார்க்கவேண்டும். பத்து லிட்டர் ஆயில் 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய அரை லிட்டர் விரிகிறது. குளிர்ந்த ஆயிலை அளந்து "சரியா இருக்கு" என்றால் அதற்கு அர்த்தமே இல்லை. எந்தச் சூட்டில், எந்த வழியில் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும்.

இரண்டாவது ஆயிலின் வகையும் நிலையும். ஜெனரல் மோட்டார்ஸின் எட்டு கியர் பெட்டி 2015 மாடல் பிக்கப்களில் வந்தது. மிதமான வேகத்தில், கரடுமுரடான பட்டைக் கோடுகள்மேல் ஓட்டுவது போன்ற நடுக்கம் என்று பலர் புகார் சொன்னார்கள். டார்க் கன்வர்ட்டருக்குள் இருக்கும் கிளட்ச் சீராகப் பிடிக்கவில்லை. ஆயில் ஈரத்தை இழுத்துக்கொண்டதுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. பழைய ஆயிலை வெளியேற்றி வேறு வகை ஆயில் ஊற்றும்படி கம்பெனியே டீலர்களுக்கு எழுதியது. ஒரு ஆயில் அவ்வளவு வேலை செய்யும்.

மூன்றாவது கியர்பாக்ஸுக்கு வெளியே. ப்ரொபெல்லர் ஷாஃப்ட் உள்ளே-வெளியே நழுவும் பல்வரிசையில் கிரீஸ் காய்ந்தால், வண்டி நிற்கும்போது அது மாட்டிக்கொண்டு, பிறகு பட்டென்று விடும். கேட்பவருக்கு அது கியர் உதைத்த மாதிரியே இருக்கும். ஜாயின்ட், இன்ஜின் மவுன்ட் ரப்பர் இரண்டையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள்.

நான்காவது கற்றதை அழித்து மறுபடி கற்பிப்பது. பல வண்டிகளில் பேட்டரி வயரைக் கழற்றினால் போதாது. ஸ்கேன் கருவி வேண்டும். அழித்த பிறகு சில நாள் உதை அதிகமாகவும் இருக்கலாம். பல வேகங்களில் நிதானமாக ஓட்டினால் படியும்.

இதற்கெல்லாம் பிறகுதான் சோலினாய்டு, வால்வு பாடி, கடைசியில் முழுப் பெட்டி.

என்னிடம் இருக்கும் பழைய பிக்கப்புக்கு ஒரு பட்டறையில் நேரடியாகக் கடைசிப் படியைச் சொன்னார்கள், ஆறாயிரம் டாலர் என்று. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டு, வேறொரு இடத்தில் மேலே சொன்ன வரிசையில் பார்க்கச் சொன்னேன். ஆயில் முக்கால் லிட்டர் குறைவு. ஒரு சீலில் மெல்லிய கசிவு. சீல், ஆயில், மறுபடி கற்பித்தல், எல்லாம் சேர்த்து நானூறு டாலருக்குள் முடிந்தது. காலைக் குளிரில் இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும்போது இன்னும் லேசாகத் தெரிகிறது. அதோடு வாழலாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

மேலே சொன்னது எல்லாவற்றுக்கும் மருந்து இல்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் ஏறுகிறது, வண்டி நகரவில்லை. ஆயிலில் தீய்ந்த வாடை. தொட்டியில் உலோகத் துணுக்குகள். கியர் போட்டுச் சில நொடி கழித்துத்தான் பிடிக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஓட்டிப் பார்க்காதீர்கள். நாற்சந்தியின் நடுவில் பிடிக்காமல் போனால் பணம் பெரிய விஷயமாக இருக்காது.

பட்டறைக்குப் போகும் முன் ஒரு வாரம் குறித்து வையுங்கள்: இன்ஜின் குளிர்ந்திருந்ததா, சூடாகிவிட்டதா, என்ன வேகம், வேகம் கூடும்போதா, குறையும்போதா, கால் பிரேக்கிலா, ஆக்சிலரேட்டரிலா, கியர் எண் மாறிய அதே கணமா, முழுக்க நின்ற பிறகா. "நின்ற பிறகு" என்றால் ஷாஃப்ட் பக்கம் சந்தேகம். "குளிரில் மட்டும்" என்றால் ஆயில், கற்றல் பக்கம். "கியர் உதைக்குது" என்று மட்டும் சொன்னால் மெக்கானிக்கும் ஊகிக்கத்தான் வேண்டும். அந்த ஊகத்துக்கு நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள்.