கடைக்கு வராத கம்ப்யூட்டர்கள்

எங்கள் ஆரணியில் புது டிசைன் பட்டுச் சேலை என்றால் முதலில் ஒரு தறியில் மாதிரி நெய்து பார்ப்பார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அப்படித்தான். விற்பனைக்கு முன் சோதனைக்காகச் செய்யும் மாதிரிக்கு 'புரோட்டோடைப்' என்று பெயர். பெங்களூரில் உருவான சிம்ப்யூட்டரின் மாதிரி 2001-ல் வெளியே காட்டப்பட்டது. விற்பனைக்கு வந்தது 2004-ல்தான்.

சில மாதிரிகள் கடைக்கே வருவதில்லை. 1 கோடிக்கு மேல் விற்ற கமடோர் 64 என்ற வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அடுத்ததாக கமடோர் 65 தயாரானது. 1991-ல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 1994-ல் கம்பெனி மூடப்பட்டபோது, மிஞ்சிய மாதிரிகள் விற்கப்பட்டன. இன்று சேகரிப்பாளர்கள் அவற்றை லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள்.

வேகத்துக்காகவா? இல்லை. எண்ணிக்கை குறைவு என்பது ஒரு காரணம். ஒவ்வொன்றின் உள்ளே இருக்கும் புரோகிராமும் மாறுபடலாம் என்பது இன்னொன்று. சாஃப்ட்வேர் எழுதுபவன் என்பதால் எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

இத்தகைய மாதிரிகளில் புரோகிராம் பெரும்பாலும் 'ஈப்ராம்' சிப்பில் இருக்கும். அதன் மேல் சிறிய கண்ணாடி ஜன்னல் உண்டு. அதில் வெயில் தொடர்ந்து பட்டால் பதிவு நாளடைவில் அழிந்துவிடும். அதற்காகவே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். பழைய போர்டு ஏதாவது கையில் கிடைத்தால் அந்த ஸ்டிக்கரை உரித்துவிடாதீர்கள். வேறெங்கும் இல்லாத புரோகிராம் அதில் இருக்கலாம்!